கியர் போட்டதும் வண்டி ஆஃப் ஆகிறதா? சைடு ஸ்டாண்டு சுவிட்சைச் சோதிக்கும் முறை

நியூட்ரலில் இன்ஜின் சீராக ஓடுகிறது. கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்ட நொடியே சட்டென்று நின்றுவிடுகிறது. திரும்ப நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. இப்படி ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டாம், கார்பரேட்டரில் கை வைக்க வேண்டாம். முதலில் குனிந்து சைடு ஸ்டாண்டைப் பாருங்கள்.

இதே கோளாறு இன்னொரு விதமாகவும் வரும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஒரு கணம் இழுவை விட்டுத் திரும்பப் பிடிக்கும். மழையில் ஓட்டிய மறுநாளோ, வண்டியைக் கழுவிய பிறகோ தொல்லை தொடங்கியிருக்கும். இரண்டு வடிவங்களுக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே விஷயம்: ஸ்டாண்டு மேலே மடங்கியிருந்தும், அது கீழே இருப்பதாக வண்டிக்குத் தகவல் போகிறது.

சுவிட்ச் செய்யும் வேலை

ஸ்டாண்டை மடக்க மறந்து வண்டியை எடுத்தால், இடப்பக்கம் சாய்த்துத் திரும்பும்போது அது தரையில் ஊன்றி ஆளையும் வண்டியையும் கவிழ்த்துவிடும். இதைத் தடுக்கவே ஸ்டாண்டின் அச்சில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் விழுந்தால் அது இன்ஜினை நிறுத்துகிறது. சில வண்டிகளில் இக்னிஷனை வெட்டும், சிலவற்றில் ஃபியூவல் பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும், சிலவற்றில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குத் தகவல் மட்டும் கொடுக்கும். நிறுத்தும் வேலையை இசியூ பார்த்துக்கொள்ளும்.

கியர் உள்ள பெரும்பாலான வண்டிகளில், நியூட்ரலில் இருக்கும்வரை நியூட்ரல் சுவிட்ச் வழியாக மின்சுற்று முழுமையாகிவிடும். அப்போது சைடு ஸ்டாண்டு சுவிட்ச் கெட்டிருந்தாலும் தெரியாது. கியர் விழுந்ததும் அந்த வழி அடைபடுகிறது, சைடு ஸ்டாண்டு சுவிட்ச் மட்டுமே மிச்சம். அதனால்தான் கியர் போட்ட நொடியில் வண்டி நிற்கிறது. புதிதாக வேலை பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டாண்டையும் வயரையும் ஆட்டிப் பார்த்து, "ஒன்றும் ஆகவில்லை, சுவிட்ச் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நியூட்ரலில் ஆட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியவராது.

எல்லா வண்டியிலும் இந்த வெட்டும் வசதி கிடையாது. சிலவற்றில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் மீட்டரில் விளக்கு மட்டும் எரியும். பல ஸ்கூட்டர்களில் ஸ்டாண்டை இறக்கினாலே இன்ஜின் நின்றுவிடும். உங்கள் வண்டி எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். கையேட்டில் விளக்கு மட்டும்தான் என்று இருந்தால், வண்டி நிற்பதற்குக் காரணம் வேறு.

வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்வது

பெட்ரோல் வரத்துக் குறைந்தால் வண்டி திணறும், இருமும், இழுவை குறைந்து பிறகு நிற்கும். சுவிட்ச் கோளாறில் திணறலே இருக்காது, சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நிற்கும்.

நிற்கும்போது மீட்டர் விளக்குகளும் சேர்ந்து அணைந்தால் பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச் பக்கம் தேடுங்கள். விளக்குகள் எரிந்துகொண்டே இருக்க, நியூட்ரலிலும் இன்ஜின் நிற்கிறதென்றால் கில் சுவிட்ச், வண்டி கவிழ்ந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார், ஃபியூவல் பம்ப் ரிலே ஆகியவற்றைப் பாருங்கள். விளக்குகள் எரிகின்றன, நியூட்ரலில் ஓடுகிறது, கியரில் மட்டும் நிற்கிறது என்றால் நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஒரே ஒரு குழப்பம் வரலாம். கிளட்ச் சரியாக விடுபடாத வண்டியும் கியர் போட்டதும் நிற்கும். ஆனால் அது நிற்பதற்குமுன் முன்னால் ஒரு குதி குதிக்கும். கிளட்ச் லீவரின் பிளேயை, அதாவது பிடிமுன் இருக்கும் தளர்வை, சரிசெய்தால் மாறும். சைடு ஸ்டாண்டு கோளாறில் வண்டி இருந்த இடத்தில் அசையாமல் அணையும்.

கிளட்ச் லீவரிலும் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. பொதுவாக அது கியரில் ஸ்டார்ட் ஆவதைத் தடுக்குமே தவிர, ஓடுகிற இன்ஜினை நிறுத்தாது. எனவே ஓடும்போது நிற்கும் கோளாறுக்கு அதைக் கழற்றிப் பார்ப்பது வீண்வேலை.

நடுவழியில் நின்றால்

கிளட்சைப் பிடித்தபடி வண்டி உருளும் வேகத்திலேயே சாலையோரம் வந்துவிடுங்கள். நின்றதும் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டை 15 முறை வேகமாக ஏற்றி இறக்குங்கள். தண்ணீர் பாட்டில் இருந்தால் சுவிட்சின் மேல் ஊற்றிச் சேற்றைக் கழுவிவிட்டு இன்னும் சில முறை ஏற்றி இறக்குங்கள். பொத்தானில் மண் சிக்கியிருந்தால் பெரும்பாலும் இதிலேயே விடுபடும். வீடு போய்ச் சேரும்வரை பயன்படும், அவ்வளவுதான். அன்றைக்கே சுத்தம் செய்யாவிட்டால் திரும்ப வரும்.

தேவையான பொருட்கள்

டிஜிட்டல் மல்டிமீட்டர், எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, பழைய டூத் பிரஷ், துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீகிரீசர், அச்சுக்குப் பூசக் கிரீஸ், கப்ளருக்கு (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பி) மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ், ஸ்பானர் செட், கேபிள் டை. வயர் அறுந்திருந்தால் சால்டரிங் அயர்னும், சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் வேண்டும்.

வண்டி சென்டர் ஸ்டாண்டிலோ, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டிலோ உறுதியாக நிற்க வேண்டும். ஸ்டாண்டை ஏற்றி இறக்கிச் சோதிக்கப் போவதால், வண்டியின் எடை அதன்மேல் இருக்கக் கூடாது. இரண்டுமே இல்லையென்றால் ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், தனியாக முயல வேண்டாம். இன்ஜினும் சைலன்சரும் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள்.

முதல் படி: ஸ்டாண்டு, ஸ்பிரிங், அழுக்கு

மீட்டரை எடுப்பதற்குமுன் கண்ணும் கையும் வேலை செய்யட்டும். சுவிட்ச் நன்றாக இருந்து, அதைத் தள்ளவேண்டிய ஸ்டாண்டு சரியாக மடங்காத வண்டிகள் ஏராளம்.

ஸ்டாண்டைப் பாதி மடக்கிக் கையை விடுங்கள். நடுப்புள்ளியைத் தாண்டியதும் ஸ்பிரிங் அதை வேகமாக இழுத்து, மேலே இருக்கும் தடுப்பில் 'டப்' என்று அடிக்க வேண்டும். மெதுவாக ஊர்ந்து போனாலோ, கடைசி ஒரு விரல் அளவு மிச்சம் வைத்து நின்றாலோ கோளாறு இங்கேதான். பிறகு மடங்கிய ஸ்டாண்டின் நுனியைப் பிடித்துக் கீழே லேசாக இழுத்துப் பாருங்கள். தெம்பாக எதிர்த்து இழுக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டாண்டு ஒரு கணம் இறங்கி ஏறும், அந்தக் கணத்தில் இன்ஜின் வெட்டும். 'பள்ளத்தில் மட்டும் கட் ஆகிறது' என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இங்கே புது சுவிட்ச் மாற்றிப் பயனில்லை, ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து ஸ்டாண்டைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அச்சு போல்ட் தேய்ந்தோ தளர்ந்தோ இருந்தால் நுனி தாராளமாக ஆடும். அப்படி ஆடும் ஸ்டாண்டு சுவிட்சின் பொத்தானை நேராக அழுத்தாது. போல்ட்டையும் நட்டையும் முறுக்கிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வேறு வண்டியின் ஸ்டாண்டோ, வெல்டிங் செய்து நீட்டிய ஸ்டாண்டோ போட்டிருந்தால் அது சுவிட்சைச் சரியான இடத்தில் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது அழுக்கு. பல வண்டிகளில் செயினும் ஸ்டாண்டும் ஒரே பக்கம். செயினுக்கு அடிக்கும் எண்ணெய் (செயின் லூப்) தெறித்து, ஸ்டாண்டு அச்சைச் சுற்றிப் படிந்து, புழுதியோடு சேர்ந்து கறுப்புப் பசையாக இறுகிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் அச்சைச் சுற்றித் தேய்த்து எடுங்கள். சுவிட்சின் பிளாஸ்டிக்கிலும் ரப்பர் மூடியிலும் மண்ணெண்ணெய் ஊற வேண்டாம், அங்கே கான்டாக்ட் கிளீனர் மட்டும். பொத்தான் வகை சுவிட்சாக இருந்தால், பொத்தானைச் சுற்றி ஸ்பிரே அடித்து விரலால் 20, 30 தடவை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் அது தானாக முழுதும் வெளியே வர வேண்டும். பாதியில் தங்கினால் உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும்.

காய்ந்த பிறகு அச்சில் கிரீஸ் பூசுங்கள். பொத்தானில் பூச வேண்டாம். புழுதியைப் பிடித்துவைக்கும், சில வாரங்களில் பழைய நிலைக்கே வரும். பிரஷர் வாஷரையும் இந்தச் சுவிட்சை நோக்கி நேராக அடிக்காதீர்கள், ரப்பர் மூடியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும்.

இரண்டாம் படி: வயரும் கப்ளரும்

சுவிட்சிலிருந்து கிளம்பும் வயரைக் கப்ளர்வரை விடாமல் பின்தொடருங்கள். கப்ளர் பக்கப் பேனலுக்குள்ளோ, சீட்டுக்குக் கீழோ, டேங்க்குக்குக் கீழோ இருக்கும். வழியில் மூன்று இடங்களை நின்று பாருங்கள்: அச்சுக்கு அருகே வயர் வளையும் இடம், ஃப்ரேமில் உரசும் இடம், சைலன்சர் அல்லது செயின் பக்கம் போகும் இடம்.

வெளியே காயமே இல்லாமல் உள்ளே செம்பு அறுந்திருக்கலாம். சந்தேகப்படும் பகுதியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வயர் நீளாது. உள்ளே அறுந்திருந்தால் மேலுறை மட்டும் ரப்பர் பேண்ட் போல இழுபடும்.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றி விடுவது ஒரு மழைக்குத்தான் தாங்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். ஆனால் வளையும் இடத்திலேயே பற்றவைக்கக் கூடாது. ஈயம் ஏறிய வயர் விறைத்துப்போய், அதன் ஓரத்தில் மறுபடி ஒடியும். வளைவைத் தாண்டிக் கொஞ்சம் மேலே வெட்டி, புது வயரை இணைத்து, இணைப்பு அசையாதபடி ஃப்ரேமோடு கேபிள் டை போடுங்கள். ஸ்டாண்டு முழுதாக ஏறி இறங்கும்போது வயர் இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கள்.

கப்ளரைப் பிரிக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பூட்டை அழுத்திப் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். உள்ளே பின்களில் பச்சைப் பூஞ்சைபோல் படிந்திருந்தால் ஈரம் போயிருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் தேய்த்துக் காயவிடுங்கள். தளர்ந்த பெண் பின்னை (மற்றப் பின் உள்ளே நுழையும் குழிவான பின்) சிறு ஊசியால் லேசாக நெருக்குங்கள். கடைசியில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லியதாகப் பூசிப் பூட்டுங்கள்.

மூன்றாம் படி: மல்டிமீட்டர்

கப்ளர் பிரிந்தே இருக்கட்டும், சாவி அணைந்தே இருக்கட்டும். மீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2 முதல் 0.5 வரை காட்டும், அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. அதை மனதில் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வயர் வரும் சுவிட்சில், சுவிட்ச் பக்கத்துக் கப்ளரின் இரு பின்களிலும் முனைகளை வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டாண்டு மேலே இருக்கும்போது 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். கீழே இறக்கினால் 'ஓ.எல்' என்றோ, சில மீட்டர்களில் '1' என்றோ காட்ட வேண்டும், அதாவது இணைப்பே இல்லை. சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எப்படி இருந்தாலும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளவு தெளிவாக மாற வேண்டும்.

எந்நிலையிலும் 'ஓ.எல்' மட்டுமே வந்தால் சுவிட்ச் அல்லது அதன் வயர் அறுந்திருக்கிறது. 20, 30 ஓம் என்று காட்டி எண் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே தொடுமுனை கறுத்திருக்கிறது. எந்நிலையிலும் 0-க்கு அருகிலேயே நின்றால் ஷார்ட். ஸ்டாண்டு மேலே இருக்கும்போது இணைப்புத் தரும் வண்டிகளில், இந்தக் கடைசி வகையில் வண்டி நிற்காது, ஆனால் பாதுகாப்பும் இருக்காது.

அடுத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டுக் கண்டுபிடிக்க முடியாததை இங்கே பிடித்துவிடலாம். ஸ்டாண்டை மேலேயே வைத்து, மீட்டரைப் பார்த்தபடி வயரை அங்குலம் அங்குலமாக வளையுங்கள். ஸ்டாண்டை நாலு பக்கமும் ஆட்டுங்கள். சுவிட்சை ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் ஒலி தரும் அளவில் வைத்திருந்தால் பார்க்கக்கூட வேண்டியதில்லை, ஒலி அறுபடும் இடம்தான் கோளாறு. அவசரப்படாமல் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு இந்தச் சோதனையில்தான் சிக்கும்.

மூன்று வயர் வந்தால் கவனம். அது சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சாகவும் இருக்கலாம்: ஒன்று எர்த், ஒன்று இன்ஜினை நிறுத்துவதற்கு, ஒன்று மீட்டர் விளக்குக்கு. அப்போது ஸ்டாண்டு மேலே இருக்கும்போது ஒரு ஜோடியும், கீழே இருக்கும்போது இன்னொரு ஜோடியும் இணைப்பைக் காட்டும். அல்லது காந்தத்தை உணரும் ஹால் சென்சாராக இருக்கலாம். அதை ஓம் அளவில் சோதிப்பதில் அர்த்தமில்லை. கப்ளரைப் பூட்டிய நிலையில், சாவி போட்டு, சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் இடையே டிசி வோல்ட்டில் பாருங்கள், ஸ்டாண்டு ஏறி இறங்கும்போது வோல்ட் மாற வேண்டும். மாறாவிட்டால் சென்சாரைக் குறைசொல்வதற்குமுன் ஸ்டாண்டில் பதித்த காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய காந்தம்தான், விழுந்து தொலைந்திருந்தாலும் இரும்புத்தூள் ஒட்டி மூடியிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

ஷார்ட் செய்து பார்க்கலாமா?

சோதனைக்கு மட்டும், அதுவும் இரண்டு வயர் சுவிட்சில், ஸ்டாண்டு மேலே இருக்கும்போது இணைப்புத் தரும் வகையில் மட்டும் செய்யலாம். சாவியை அணைத்து, வண்டிப் பக்கத்துக் கப்ளரின் இரு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டில் இருக்கட்டும், பின்சக்கரத்தின் அருகே கை, துணி எதுவும் வேண்டாம். ஸ்டார்ட் செய்து கியர் போடுங்கள். இப்போது நிற்கவில்லையென்றால் சுவிட்ச் பக்கம்தான் கோளாறு. அப்போதும் நின்றால் சுவிட்ச் குற்றவாளி இல்லை.

மூன்று வயரில் வரைபடம் இல்லாமல் இப்படிச் செய்யவே கூடாது. மின்சாரம் வரும் வயரை எர்த்தில் சேர்த்துவிட்டால் ஃபியூஸ் போகலாம், இசியூவும் போகலாம். சில வண்டிகளில் சுவிட்சுக்குள் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், வெறும் வயரால் இணைத்தால் இசியூ அதை ஏற்றுக்கொள்ளாது.

சோதனை முடிந்ததும் வயரை எடுத்துவிடுங்கள். இப்படியே நிரந்தரமாக விட்டு ஓட்டுவது பரவலாக நடக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டியைக் கடன் வாங்கி ஓட்டும் தம்பியோ, வீட்டில் வேறு யாரோ ஸ்டாண்டை மடக்க மறக்கும் ஒரு நாளுக்காகத்தான் அந்தச் சுவிட்ச் இருக்கிறது.

சுவிட்சை மாற்றுவது

உங்கள் மாடலுக்கான சுவிட்சையே வாங்குங்கள். வயர் எண்ணிக்கையும் கப்ளரும் பொருந்தினாலும் உள்ளே இயங்கும் விதம் நேர்மாறாக இருக்கலாம், பொருத்துவதற்குமுன் புதியதையும் மீட்டரில் சோதித்துவிடுங்கள்.

பழையதைக் கழற்றுவதற்குமுன் வயர் போகும் வழியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் சுழலும் வகையில், சுவிட்சின் சிறிய பின் ஸ்டாண்டில் இருக்கும் துளைக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காராமலே போல்ட்டை முறுக்கினால் முதல் முறை ஸ்டாண்டை இறக்கும்போதே புது சுவிட்ச் உடைந்துவிடும். கையால் அழுத்தி, இடைவெளி இல்லாமல் பதிகிறதா என்று பார்த்தபிறகுதான் ஸ்பானர். எம்6 போல்ட்டாக இருந்தால் 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மேல் பொதுவாக வேண்டாம், மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சில வண்டிகளில் இந்த போல்ட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லியிருப்பார்கள். ஸ்டாண்டு ஸ்பிரிங்கைக் கழற்ற நேர்ந்தால் கண்ணாடி அணியுங்கள், கொக்கி வழுக்கினால் முகத்துக்குத்தான் வரும்.

சுவிட்ச் நன்றாக இருந்தும் நின்றால்

சுவிட்ச் மீட்டரில் தேறியும் கோளாறு தீரவில்லையென்றால், கப்ளரிலிருந்து வண்டிக்குள் போகும் வயரைப் பாருங்கள். எர்த் வயர் ஃப்ரேமோடு நல்ல தொடர்பில் இருக்கிறதா என்று, அந்தப் பின்னுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே ஓம் பார்த்தால் தெரியும், 1 ஓமைத் தாண்டக் கூடாது. பல வண்டிகளில் இந்த மின்சுற்றில் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு இருக்கும், ரிலேவுக்குள்ளோ தனிக் கட்டையாகவோ. கழற்றி டயோடு அளவில் சோதித்தால் ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வோல்ட் காட்ட வேண்டும், முனைகளை மாற்றினால் 'ஓ.எல்'. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி காட்டினால் டயோடு போய்விட்டது.

கடைசிச் சோதனை

சமதளத்தில், முன்னால் ஆளில்லாத இடத்தில், பிரேக்கைப் பிடித்தபடி செய்யுங்கள். நியூட்ரலில் ஸ்டாண்டை இறக்கி இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்சை முழுதாகப் பிடித்து முதல் கியர் போடுங்கள், நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பாதுகாப்பு வேலை செய்யவில்லை, எங்கோ ஷார்ட் இருக்கிறது, திரும்பப் போய்ப் பாருங்கள். பிறகு ஸ்டாண்டை மடக்கி, ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பிடித்தபடி கியர் போடுங்கள், தொடர்ந்து ஓட வேண்டும். அந்த நிலையிலேயே காலால் ஸ்டாண்டை லேசாகத் தட்டுங்கள், இன்ஜின் சத்தத்தில் சிறு வெட்டுகூட வரக் கூடாது. கடைசியாக ஆள் நடமாட்டமில்லாத மேடுபள்ளமான பாதையில் மெதுவான வேகத்தில் ஒரு சுற்றுப் போய் வந்து, கப்ளரும் கேபிள் டையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பேனலை மூடுங்கள்.